ஏழாம் பக்கம்

வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியின் மேல்மாடி.
ஞாயிறு பின்னேரம். இரசாயன வகுப்பு முடிந்து
பலகையில் பாதி அழிந்த சமன்பாடு.
பதினொரு பேர், பதினொரு போட்டோக்கொப்பி,
என் கதை.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
என் தோழி எல்லாருடைய மடியிலும் படபடத்தாள்.

கதையில் அவள் பெயர் வாகினி.
உண்மைப் பெயரை இங்கேயும் சொல்லமாட்டேன்.

முதலில் பேசியவர் சிவஞானசுந்தரம்,
வங்கியில் முப்பத்தொரு வருசம்
கையெழுத்துச் சரிபார்த்தவர்.
"பிள்ளை, அந்த நேரத்தில
கடற்கரைப் பாதையில ரெயின் இல்லை.
இவள் எந்த ரெயினைப் பார்த்துக்கொண்டு நிண்டவள்?"

நௌஸாத்துக்குச் சோகம் கூடிவிட்டது.
"ஒரு தடவயாவது அவளச் சிரிக்க வெச்சிருக்கலாமே."
சிரித்தாள்.
கன்டீன் பருப்புக்குள் கிடந்த கல்லைக் கழுவி
என் புவியியல் கொப்பியில் ஒட்டி
கீழே 'தீப்பாறை' என்று எழுதிவிட்டு
நாள் முழுக்கச் சிரித்தாள்.
அதை எழுதினால்
மற்றதை யார் நம்புவீர்கள் என்று விட்டுவிட்டேன்.

டொக்டர் பத்மலோஜினி
நோயின் பெயரைச் சொன்னார்.
அறைக்குள் ஒரு நிம்மதி வந்தது.
சிலர் அதன் பிறகுதான் ரோல்ஸ் எடுத்தார்கள்.

ஏன் வீட்டுக்கு அறிவிக்கேல்லை,
ஏன் திரும்பத் திரும்பக் காசு குடுத்தனீங்கள்,
ஒரு விரிவுரையாளரிட்டையாவது சொல்லியிருக்கலாம்தானே...
நீங்கள், நீங்கள் என்றார்கள்.
கதைசொல்லி என்று ஒருவரும் சொல்லவில்லை.
யாரோ ஒருவர் 'பாத்திரம்' என்றார்.
எனக்கு அவளுடைய கட்டிலுக்குக் கீழே
கழுவாமல் அடுக்கியிருந்த கோப்பைகள் ஞாபகம் வந்தன.

"அவ இப்ப எங்க?"
தகப்பனோடு வந்த பொடியன்.
"கதை அங்கயே முடியுது தம்பி" என்றேன்.
அவன் கடைசித் தாளைத் திருப்பி
பின்பக்கத்தைப் பார்த்தான்.

கடைசி வரிசையில் யதுர்ஷா, கம்பஸ் இரண்டாம் வருசம்.
"அக்கா, அந்தக் கதவு பொய்."
"எந்தக் கதவு?"
"ஏழாம் பக்கம். விடிஞ்சா சோதினை.
இரவு ரெண்டு மணிக்கு வந்து தட்டுறா,
அந்தக் கிழமையில அஞ்சாவது தரம்.
ஆர் திறப்பினம்?
நானெண்டா திறக்கமாட்டன்.
நித்திரை மாதிரிக் கிடப்பன்."

அறை அவள்மேல் பாய்ந்தது.
இப்பத்தைப் பிள்ளையளுக்கு நெஞ்சில ஈரமில்லை.
கதையில அன்பு இருக்கிற ஒரே இடம் அதுதான்.
வாக்கெடுப்புப்போலவே ஆகிவிட்டது:
ஒன்பது பேர் கதவைத் திறக்கவைத்தார்கள்.

நான் பிளேன்டீயை ஊதினேன்.
அது எப்போதோ ஆறியிருந்தது.

ஹம்டன் லேனில் அந்த அறை.
கதவின் கீழே ஒரு விரல் இடைவெளி.
தட்டுவது நின்ற பிறகும்
இரண்டு பாதங்களின் நிழல்
நெடுநேரம் அங்கே நின்றது.
பிறகு வெளி விளக்கை அவளே அணைத்தாள்,
வெளிச்சத்தில் எனக்கு நித்திரை வராது என்று
எப்போதோ சொல்லியிருந்தேன்.

யதுர்ஷாவின் போன் மேசையில் நடுங்கியது.
பெயரைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள்.
மறுபடியும் நடுங்கியது.
கவிழ்ந்தபடியே மேசை விளிம்புவரை நகர்ந்தது.
எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.
"ம்... ம்... சாப்பிட்டியா?... இல்லை, சொல்லு..."
மிச்சத்தைக் காலி வீதியில்
நூறாம் இலக்க பஸ் கொண்டுபோனது.

கதிரைகளை அடுக்கும்போது
சிவஞானசுந்தரம் தன் பிரதியைத் திருப்பித் தந்தார்.
சிவப்புப் பேனை.
ரெயினைச் சுற்றி வட்டம், மூன்று கேள்விக்குறி.
ஏழாம் பக்கத்தில் ஒரேயொரு திருத்தம்.
'கதவை திறந்தேன்' என்று அடித்திருந்தேன்.
நடுவில் சின்னதாக ஒரு 'த்' எழுதி
கீழே கூரை போட்டிருந்தார்.

"இப்ப வசனம் சரி, பிள்ளை."